தம்பி, தட்டைத் திருப்பிப் போடு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய 'ஷ்-பூம்' பாட்டைக் கேட்டேன். நன்றாகத்தான் பாடியிருக்கிறார்கள். ஆனால் "டூ-வாப்னா இதுதான் அக்கா" என்று அந்தக் கூட்டுக்குரல் பாட்டுப் பாணியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ கேட்டது க்ரூ-கட்ஸ் பாடியது. கனடாவிலிருந்து வந்த நான்கு வெள்ளைக்காரப் பையன்கள். பாட்டை எழுதி முதலில் பாடியவர்கள் த கார்ட்ஸ், நியூயார்க் பிராங்க்ஸைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். 1954இல் அட்லாண்டிக் கம்பெனியின் கிளையான கேட் லேபிளில் இசைத்தட்டு வந்தது. கம்பெனிக்கே அந்தப் பாட்டின் மேல் நம்பிக்கை இல்லை. பாட்டி பேஜ் என்ற பாடகி பாடிப் பிரபலமான ஒரு பாட்டை இவர்களைப் பாடவைத்து முன்பக்கத்தில் போட்டார்கள், இவர்களுடைய சொந்தப் பாட்டு பின்பக்கம் போனது. ஜனங்கள் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்! பாப் பட்டியலில் முதல் பத்துக்குள் ஏறியது.

அதற்குள் மெர்க்குரி கம்பெனி அதே பாட்டை க்ரூ-கட்ஸை வைத்து இறக்கிவிட்டது. ஆகஸ்டில் அது முதலிடம். அடுத்த வருஷம் மூன்க்ளோஸ் என்ற கறுப்பினக் குழுவின் 'சின்சியர்லி'க்கும் இதே கதிதான், வெள்ளைக்கார மெக்குவயர் சகோதரிகள் பாடியது முதலிடத்துக்குப் போனது.

சட்டம் இடம் கொடுத்தது. அமெரிக்காவின் 1909ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டு ஒருமுறை தட்டில் வந்துவிட்டால், தட்டுக்கு 2 சென்ட் கட்டிவிட்டு அன்று யாரும் பதிய முடிந்தது. அந்தக் காசு பாட்டின் உரிமை வைத்திருந்தவருக்குப் போனது. முதலில் பாடிய குரலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்தவர் பாட்டைப் பாடுவது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், கார்ட்ஸே முன்பக்கத்தில் அதைத்தான் செய்தார்கள். எனக்கு ஆறாதது ரேடியோதான். கறுப்பர்கள் பாடிய தட்டைப் பல நிலையங்கள் தொடவே இல்லை. அதே பாட்டு வெள்ளைக் குரலில் வந்தால் நாள் முழுக்க ஓடியது.

சரி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டையும் கேள். கார்ட்ஸ் வாத்தியம் இல்லாமல் வெறும் குரலில் தொடங்குவார்கள், தெருமுனையில் கூடி நின்று பாடுகிற மாதிரி. நடுவில் சாம் டெய்லரின் சாக்ஸபோன் கரகரவென்று புகுந்து புறப்படும். க்ரூ-கட்ஸில் அது கிடையாது. பெரிய முரசு ஒன்று 'தொம்' என்னும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் பெயரில் வேறொரு குழு இருந்ததால் கார்ட்ஸ் தங்கள் பெயரையும் விட்டுக்கொடுத்து கார்ட்கேட்ஸ் ஆனார்கள். அப்படி இன்னொரு பாட்டு அவர்களுக்கு அமையவில்லை. நீ தேடும்போது 'த கார்ட்ஸ், 1954' என்றே போட்டுத் தேடு. கேட்டுவிட்டு ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா