கேஸ் ஷீட்டில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனை என்றாலே உங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் குறைதான் இருக்கும். நானும் ஒருமுறை அப்படி எழுதியவன்தான். இந்தத் தடவை வேறு விஷயம்.

சில மாதங்களுக்கு முன் நள்ளிரவில் என் தம்பியை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். நாலு நாளாகத் தூக்கமில்லை, யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற பயம், காதில் விடாமல் ஒரு குரல். அங்கே போனதும் இன்னும் மோசமானது. சுவரோரம் ஒண்டிக்கொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் "ஒண்ணுமில்லடா, சும்மா இரு" என்று கத்திக்கொண்டிருந்தோம், வாசலில் செக்யூரிட்டி வேறு தயாராக நின்றார், நாலு பேர் பிடித்துக் கட்டிலோடு கட்டி ஊசி போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

இரவு டியூட்டி சிஸ்டர் வந்தார். என்னைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பினார், நானும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். பாதி விளக்கை அணைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவனுக்கு நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், கைக்கெட்டாத தூரத்தில் உட்கார்ந்தார். கதவை மறைக்காமல் உட்கார்ந்தார் என்பதை நான் கவனிக்கவே இல்லை, பிறகு தம்பிதான் சொன்னான்.

குரல் கேட்கிறது என்று அவன் சொன்னபோது அவர் வாதாடவில்லை. "எனக்குக் கேட்கலை தம்பி. உங்களுக்குக் கேட்குதுன்னு புரியுது. பயமாத்தான் இருக்கும்." அவ்வளவுதான். அப்புறம் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். திடீரென்று, "செத்துடலாம்னு தோணுதா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, இப்படியா கேட்பார்கள் என்று கோபம்கூட வந்தது, ஆனால் அவன் ஆமாம் என்று தலையாட்டினான், நாலு நாளாக எங்களிடம் மறைத்ததை. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று ஆய்வுகள் சொல்வதைப் பிறகுதான் படித்தேன்.

பிரஷர் பார்க்கும் முன், "கையில பட்டை இறுகும், உடனே விட்டுடும், வேண்டாம்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்றார். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அவனே கை நீட்டி வாங்கிப் போட்டுக்கொண்டான். கட்டவும் இல்லை, ஊசியும் இல்லை.

எங்கள் வீட்டில் அந்த சிஸ்டரைத் தெய்வம் என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தெய்வம் என்று கும்பிட்டுவிட்டால் அவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை பாருங்கள். அவர் செய்தது கற்றுத் தேர்ந்த வேலை. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையில் உண்டாகும் உறவே சிகிச்சைதான் என்று ஹில்டகார்ட் பெப்லவ் என்ற அமெரிக்கச் செவிலியர் 1952-லேயே எழுதிவிட்டார்.

அந்த சிஸ்டர் தம்பியோடு உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரமும் இன்னொரு சிஸ்டர் வார்டு முழுக்கத் தனியாக ஓடிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் மட்டும் இல்லையென்றால் இவரால் உட்கார்ந்திருக்க முடியாது, தம்பியைக் கட்டித்தான் போட்டிருப்பார்கள். அதைச் செய்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, பல நேரம் ஆள் பற்றாத குறைதான். டிஸ்சார்ஜ் அன்று கேஸ் ஷீட்டை எட்டிப் பார்த்தேன். "மருந்து கொடுக்கப்பட்டது, நோயாளி உறங்குகிறார்" என்று ஒரு வரி. அந்த முக்கால் மணி நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை. இரவு டியூட்டிக்கு எத்தனை பேர் என்று முடிவு செய்கிறவர்கள் இந்த மாதிரி நேரத்தையும் வேலை என்று சேர்த்து ஆள் போடட்டும், கேட்பது இதைத்தான்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை என்று சொல்லி, தம்பியோடு உட்கார்ந்திருந்த அந்த சிஸ்டர் ஒரு தாளில் அவனையே எழுத வைத்திருந்தார்: எது ஆரம்பித்தால் உஷாராக வேண்டும், முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், மாத்திரை யார் கையில் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் போன் செய்து தூங்கினானா என்றும் விசாரித்தார். அந்தத் தாள் இப்போதும் அவன் பர்ஸில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துபோய், செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அண்ணன்