சிஎன்சி மெஷினுக்கு நூல்கம்பி போட்டுக் கெட்ட கதை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வீட்டில சிஎன்சி மெஷின் (கம்பியூட்டர் சொல்லுற மாதிரி பலகை வெட்டுற மெஷின்) செய்யிற பொடியளப் பற்றி உங்கட பேப்பரில வந்ததப் படிச்சன், நல்லா இருந்தது, ஆனா மோட்டர் சுத்த வெட்டுற தலைய நகர்த்திற ஸ்குரூவப் பற்றி ஒரு வரியும் இல்லையே ஐயா, நான் அழுததே அதிலதான்.

ஹார்ட்வெயார் கடையில மலிவா கிடைக்குதெண்டு எம்8 நூல்கம்பிதான் (8 மில்லிமீட்டர் தடிப்பு, நீளத்துக்கும் மரை வெட்டின கம்பி) முதல் போட்டன். ஒரு சுத்துக்கு 1.25 மில்லிமீட்டர்தான் நகரும், ஆமை தோத்துப்போகும். அதுவும் பரவாயில்ல, நட்டுக்குள்ள ஆட்டம் இருந்ததால மோட்டர் திசை மாத்தேக்க கொஞ்சநேரம் சும்மா சுத்தும். பலகையில 'கோணேசர்' எண்டு வெட்டினன், 'ண'வின்ட சுழியெல்லாம் திரும்பிற இடத்தில சப்பையா வந்திட்டுது, மனுசி பாத்திட்டு சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதுக்க நிக்குது.

பிறகு டி8 லீட் ஸ்குரூ (நகர்த்திற வேலைக்கெண்டே செய்த 8 மில்லிமீட்டர் ஸ்குரூ) போட்டன், ஆட்டத்த எடுக்கிற ஸ்பிரிங் வச்ச நட்டோட. சின்ன மெஷினுக்கு அது காணும். ஆனா ஒரு மீட்டர் நீளத்துக்குப் போட்டு வேகமா ஓட்டினா கம்பி கயிறடிக்கிற மாதிரி துள்ளும். பெரிசா செய்யிற ஆக்கள் காசப் பாக்காம 1605 பால் ஸ்குரூ (நட்டுக்குள்ள சின்னக் குண்டுகள் உருளுற ஸ்குரூ) போடுங்கோ, 16 மில்லிமீட்டர் தடிப்பு, சுத்துக்கு 5 மில்லிமீட்டர். ஒண்டு, இசட் பக்கம், அதாவது மேல கீழ போற பக்கம், பால் ஸ்குரூ போட்டா கரண்ட் போனதும் ஸ்பிண்டில் (வெட்டுற பிட்டச் சுத்திற மோட்டர்) தன்ர பாரத்தில தானாக் கீழ இறங்கும், எனக்கு ஒரு பிட் அப்பிடித்தான் முறிஞ்சது. அங்க பிரேக் வேணும், இல்லாட்டி சுத்துக்கு 2 மில்லிமீட்டர் மட்டும் நகர்ற டி8 போடலாம், அது தானா இறங்காது.

எங்கட உப்புக்காத்துக்கு எண்ணெய் பூசாம விட்டா ரெண்டு கிழமையில கறள்.

இப்படிக்கு,
வாசகன், உப்புவெளி, திருகோணமலை