எடுகோள் சோதனைக்கு முன் கூறெடுப்புப் பரவல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் புள்ளியியல் படிக்கும் மாணவர் பலர் எடுகோள் சோதனைக் கணக்கை, அதாவது ஒரு கூற்றை மறுக்கத் தரவில் சான்று உண்டா என்று பார்க்கும் கணக்கை, பிசகின்றிப் போட்டு, "இல் எனும் எடுகோள் ஏற்கப்படுகிறது" என்று முடிக்கிறார்கள். (வேறுபாடு ஏதும் இல்லை என்று தொடக்கத்தில் வைத்துக்கொள்ளும் கூற்றே இல் எனும் எடுகோள்.) ஆனால் அந்தக் கணக்கில் எல்லையாகக் கொள்ளும் 1.96 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அட்டவணையைக் காட்டுகிறார்கள். கூறெடுப்புப் பரவலை ஒரு வரையறையோடு கடந்துவிட்டு நேரே சோதனைக்குப் போய்விடுவதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

நம் ஊரில் இதைத் தராசு வைத்தே கற்பிக்கலாம். 250 கிராம் என்று அச்சிட்டு விற்கும் தேன்குழல் அல்லது சீப்புச் சீடைப் பொட்டலங்களை எடுத்துக்கொள்வோம். எடை பொட்டலத்துக்குப் பொட்டலம் சற்றுக் கூடும், குறையும். எடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவாகிய திட்ட விலக்கம் 6 கிராம் என்று கொள்வோம். சமவாய்ப்பு முறையில் 36 பொட்டலங்களை எடுத்து நிறுத்துச் சராசரியைக் குறித்துக்கொண்டு, பிறகு வேறு 36 பொட்டலங்களை எடுத்து நிறுத்தால், இரண்டு சராசரிகளும் அநேகமாக ஒன்றாக இரா. இப்படிப் பலமுறை எடுக்கும்போது கிடைக்கும் சராசரிகளின் பரவலே கூறெடுப்புப் பரவல். அதன் திட்ட விலக்கமாகிய திட்டப்பிழை, 6-ஐ 36-இன் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைக்கும் 1 கிராம். தனிப் பொட்டலங்களின் எடை இயல்நிலையாக, அதாவது நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகக் குறையும் மணி வடிவில், பரவாவிட்டாலும், கூறு (ஒரு முறை எடுக்கும் பொட்டலங்களின் தொகுதி) போதிய அளவு பெரிதாக இருந்தால் சராசரிகள் ஏறத்தாழ அவ்வாறு பரவும் என்பதே மைய எல்லைத் தேற்றம். ஆகவே உண்மைச் சராசரி 250 கிராமாக இருந்தால், நூற்றுக்கு ஏறத்தாழ 95 கூறுகளின் சராசரி 248.04-க்கும் 251.96-க்கும் இடையில், அதாவது 250-இலிருந்து இருபுறமும் 1.96 திட்டப்பிழைக்குள், அமையும். 1.96 வந்த வழி இதுதான். (ஒரே நாளில் நிரப்பி மேல்தட்டில் அடுக்கிய 36 பொட்டலங்களை மட்டும் எடுத்துவந்தால் எந்தச் சூத்திரமும் கைகொடுக்காது.)

கூறின் சராசரி 247.5 கிராம் என்றால், அது 250-இலிருந்து இரண்டரைத் திட்டப்பிழை விலகியிருக்கிறது. உண்மைச் சராசரி 250 ஆக இருக்கும்போது, கூறின் சராசரி இவ்வளவோ இதற்கு மேலோ விலகுவதற்கான நிகழ்தகவு, இருபுறமும் சேர்த்துச் சுமார் 0.012. இது 0.05-ஐவிடக் குறைவு என்பதால், 5 விழுக்காட்டு நிலையில் "சராசரி 250" என்ற எடுகோளை மறுக்கிறோம். இதைக் கொண்டு "கடைக்காரர் எடை குறைக்கிறார் என்பதற்கு 98.8 விழுக்காடு வாய்ப்பு" என்று எழுதுவது பெரும்பிழை, அந்த நிகழ்தகவே உண்மைச் சராசரி 250 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டதாகும். அதே 247.5 வெறும் 9 பொட்டலங்களிலிருந்து வந்திருந்தால், திட்டப்பிழை 2 கிராம் ஆகிவிடுவதால் எடுகோளை மறுக்க முடியாது. அதனால் கடைக்காரர் நேர்மையானவர் என்று ஆகிவிடுமா? சான்று போதவில்லை, அவ்வளவே. "ஏற்கப்படுகிறது" என்பதற்குப் பதிலாக "மறுக்கப் போதிய சான்று இல்லை" என்று எழுதச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மறுபுறம், 3,600 பொட்டலங்களை நிறுத்தால் 0.3 கிராம் குறைவுகூட மூன்று திட்டப்பிழை விலகலாகி எடுகோள் மறுக்கப்படும். வாங்குபவருக்கோ அது ஒரு சீடையின் விளிம்பளவு நட்டம். மிகைகாண் தன்மை (விலகலைத் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத நிலை) வேறு, நடைமுறை முக்கியத்துவம் வேறு என்பதை அமெரிக்கப் புள்ளியியல் சங்கமும் 2016-இல் வெளியிட்ட அறிக்கையில் எடுத்துரைத்தது. 5 விழுக்காடு என்ற எல்லையையும் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட தம் நூலில் வசதி கருதியே கையாண்டார். மாணவர்கள் அதை இயற்கை விதியைப் போல மனப்பாடம் செய்கிறார்கள்.

திட்ட விலக்கம் தெரியாத சிறு கூறுகளுக்கு உரிய டி-சோதனையும், டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிய காசெட் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் 1908-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்ததே. வேலைக்களத்தில் எழுந்த கேள்வியை வேலைக்களத்துப் பொருளைக் கொண்டே சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை.

பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் சோதனைப் பாடத்தைத் தொடங்கும் முன் இரண்டு பாடவேளைகளையாவது இத்தகைய கூறெடுப்புக்கு ஒதுக்க வேண்டும். நிறுத்த பலகாரம் வீணாகாது என்பதற்கு மாணவர்களே பொறுப்பு. வினாத்தாள் அமைப்போரும், கணக்கின் கடைசி வரிக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியை, அந்த முடிவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று மாணவர் தம் சொற்களில் எழுதும் விளக்கத்துக்கு அளிக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
காரைக்குடி.