ரொக்கி வருமுன்

ஆரையம்பதி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு பண்டாரவளையை விட்டு ஊரோடு வருகிறாய் என்று வாசித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் நோவு இப்போது பரவாயில்லை. மற்றக் கதைகளை நேரில் பேசுவோம். எனக்கு உன் ரொக்கியைப் பற்றித்தான் யோசனை. அல்சேஷன் நாய், அதுவும் குளிரிலேயே வளர்ந்தது. நீ வரப்போவதோ ஆனியில், கச்சான் காற்று அனலாக அடிக்கிற நேரம்.

போன வருடம் நடந்ததை உனக்கு எழுத மனம் வரவில்லை. அம்மன் கோயில் திருக்குளிர்த்திச் சடங்கு அன்று எங்கள் நாய் ஜிம்மியைப் பின்வளவுத் தகரக் கொட்டிலில் கட்டிவிட்டுப் போனேன். நிழல்தானே, சட்டியில் தண்ணீரும் இருக்கிறதே என்று நினைத்தேன். திரும்பி வரப் பகல் ஒன்றரை மணி. சங்கிலி தூணைச் சுற்றிச் சுற்றி ஒரு முழம்தான் மிச்சம். சட்டி கவிழ்ந்து கிடந்தது. கொட்டிலுக்குள் சூளை மாதிரி வெக்கை. ஜிம்மிக்கு வாயெல்லாம் பசை போல எச்சில், பல் முரசு செக்கச் சிவந்திருந்தது. என்னைக் கண்டு எழும்பப் பார்த்தது, பின்னங்கால் விலகி விழுந்துவிட்டது.

தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். வாளி வாளியாக அள்ளி உடம்பெல்லாம் ஊற்றினேன். நான் ஈரத் துவாயால் போர்த்தப் போக, தங்கச்சி அதைப் பறித்துப் போட்டுவிட்டு விசிறினாள். அவள் செய்ததுதான் சரி. போர்த்தினால் சூடு உள்ளேயே நின்றுவிடும். மூச்சு கொஞ்சம் தணிந்த பிறகுதான் ஓட்டோ பிடித்தோம். தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தபடியால்தான் தப்பியது என்றார் மிருக வைத்தியர். நாய்க்குச் சாதாரண உடல் சூடே 38, 39 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்குமாம். நமக்குப் போல அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும்தான். மூச்சு இளைத்து இளைத்தே சூட்டை வெளியே விட வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் பாவம், அது என்ன செய்யும்?

இப்போது ஜிம்மியைக் கட்டுவதே இல்லை. கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் தானே குழி தோண்டி வைத்திருக்கிறது. காய்ந்த மணலை முன்னங்காலால் தள்ளித் தள்ளி, ஈர மணல் வந்ததும் வயிற்றை அதில் பதித்து, பின்னங்கால்களைத் தவளை மாதிரி நீட்டிப் படுக்கும். வளவு கூட்டும்போது அந்தக் குழியை மூட அம்மா யாரையும் விடமாட்டா.

ரொக்கியின் முடியை ஒட்ட வெட்டிவிடாதே. வெயில் தோலில் சுடாமல் காப்பதும் அந்த முடிதான். உதிர்கிற உள்முடியைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும். முதல் சில வாரம் ஓடவிட வேண்டாம், விடியப்புறம் கடற்கரைப் பக்கம் மெல்ல நடக்கட்டும். பின்னேரத்தில் கூட்டிப்போவதென்றால் முதலில் தார் ரோட்டில் உன் புறங்கையை வைத்து ஏழு எண்ணிப் பார். உனக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

வான் வண்டியை இரவு இரண்டு மணிக்கே எடு. மகாஓயா தாண்டும்போது வெயில் ஏறியிருக்கக் கூடாது. வழியில் தேத்தண்ணி குடிக்க இறங்கினால் ரொக்கியையும் இறக்கு. கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் பத்து நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும்.

நேரே எங்கள் வீட்டுக்கு வா. வேம்புக்குக் கீழே கிடுகு வேய்ந்து, மண்சட்டி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்