ஷாக் வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குத் தோள்பட்டை மேல் பழியைப் போடலாம்; உண்மையில் சோம்பல்தான். கை இப்போது தலைக்கு மேல் போகிறது, சட்டை மாட்ட யார் தயவும் வேண்டியதில்லை. ஆனால் வண்டியில் ஏற இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதனால் ஷெட்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் வண்டிக்கு யோசனை சொல்வதுதான் இப்போது என் பிழைப்பு. நீ வசமாக வந்து மாட்டினாய்.

உன் பையன் வளைவுகளில் உன்னை முந்துகிறான் என்று எழுதியிருந்தாயே, அதில் வருத்தம் எங்கே, பெருமை எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இருக்கட்டும்.

உன் ராப்டர் 700, அந்த நாலு சக்கரக் காட்டு வண்டியின் கதைக்கு வருகிறேன். மேட்டில் ஏறி இறங்கினால் பின்பக்கம் தூக்கி அடிக்கிறது, கால் மணி நேரம் ஓட்டியபின் இன்னும் மோசமாகிறது, எங்கிருந்தோ 'டொக்' என்று சத்தம் வருகிறது, ஷாக்கை (குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரை) பிரித்துப் புதுப்பித்து ரீபில்ட் செய்யலாமா, புது ஷாக்கே போட்டுவிடலாமா என்று கேட்கிறாய். இப்போதைக்கு வாங்காதே. நான் வாங்கிப் பட்டவன்.

மூன்று வருடம் முன்பு என் வண்டியும் இதே ஆட்டம் ஆடியது. பெரிய ரிசர்வாயர் (ஆயிலுக்கான தனிக் குப்பி), சரிசெய்ய நாலைந்து திருகுகள், பளபளவென்று ஒரு ஷாக்கை ஆசையாக வாங்கிப் பூட்டினேன். முதல் நாள் எல்லாமே பிரமாதமாகத் தோன்றியது. செலவழித்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். மூன்றாம் நாள் பழையபடி 'டொக்'. வெறுத்துப்போய், பின் சக்கரங்களைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை முழுதாகக் கழற்றினேன். அதை ஷாக்கோடு இணைக்கும் லிங்கேஜில் ஒரு நீடில் பேரிங் (ஊசிபோன்ற உருளைகள் கொண்டது) துருப்பிடித்து அப்படியே இறுகிக் கிடந்தது. இன்னொன்றில் ஊசிகள் பாதி பொடியாகியிருந்தன. ஒவ்வொரு முறையும் பிரஷர் வாஷரை அந்த இடத்திலேயே பிடித்துச் சேற்றை அடித்தவன் நான்தான். சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாமல் என்ன செய்யும்? சின்ன மேடுகளில் அந்த இறுகிய பேரிங் அசையவே இல்லை. பிறகு எவ்வளவு நல்ல ஷாக் இருந்து என்ன பயன்?

எனவே முதலில் இதைச் செய். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, இரண்டு சக்கரமும் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் நிறுத்து. ஸ்விங் ஆர்மின் பின்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டு. ஆட்டம் இருந்தால், ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்துப் பிவட் பேரிங் போயிருக்கிறது. மெதுவாக மேலே தூக்கிப் பார். ஷாக் அசைவதற்கு முன்பே ஒரு வெற்று இடைவெளி தெரிந்தால் லிங்கேஜ், அல்லது ஷாக்கை மேலும் கீழும் மாட்டும் இடத்து வளையங்களான புஷ்கள். அப்புறம் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளே வெளியே அசை. அது ஆடினால் ஆக்சில் பேரிங். உன் 'டொக்' இவற்றில் ஒன்றில்தான் ஒளிந்திருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். ஆமாம், டயர் காற்றையும் பார்த்துவிடு. இந்த வண்டிகளின் டயருக்கு 5 பிஎஸ்ஐ சொச்சம்தான். கார் டயர் மாதிரி ஏற்றி வைத்திருந்தால் பின்பக்கம் பந்துபோலத்தான் குதிக்கும்.

ஓட்ட ஓட்ட மோசமாகிறது என்றாயே, அது மட்டும் ஷாக்கின் வேலைதான். உள்ளே இருக்கும் ஆயில் பழசாகிவிட்டது. சூடானதும் இன்னும் நீர்த்துப்போய், போன வேகத்திலேயே திரும்பி வர விட்டுவிடுகிறது. உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் வாயுவின் அழுத்தமும் குறைந்திருந்தால் ஆயிலுக்குள் நுரை கட்டி, தடுக்கிற சக்தி அத்தோடு போச்சு. சீட்டை அழுத்திவிட்டுப் பார்: மெதுவாக எழுந்து நின்றால் சரி, துள்ளி எழுந்தால் ரீபவுண்ட், அதாவது திரும்பி எழுவதைத் தடுக்கிற சக்தி, செத்துவிட்டது. இது ஷாக் தேய்ந்துபோனதற்கு அடையாளம் இல்லை. ஆயில், சீல், புஷ் மாற்றி, நைட்ரஜன் நிரப்பினால் பிழைத்துக்கொள்ளும். ஷாக்கின் உள்ளே போய் வரும் தண்டை, அதாவது ஷாஃப்டை, நகத்தால் தடவிப் பார். நகம் சிக்குகிற அளவுக்குக் கீறல் இருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழியும். ஷாஃப்டையும் மாற்றச் சொல்.

பேரிங் வேலையை நீயே செய். ஷாக்கை மட்டும் வீட்டில் பிரிக்காதே. உள்ளே பெரும்பாலும் 150 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் இருக்கும். அதை வெளியேற்றாமல் மூடியில் கை வைத்தால் மூடி முகத்துக்கு வரும். உன் முகம் ஒன்றும் அப்படிக் கொள்ளை அழகு இல்லை என்றாலும், இருப்பதை வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. இந்த வண்டியை வாங்கியபோது இருந்த எடையா உனக்கு இப்போது? ஸ்பிரிங்குக்கு அது தெரியும். ஆக்சில் நடுவிலிருந்து நேர் மேலே பின் ஃபெண்டரில் (மட்கார்டில்) ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மூன்று முறை அளந்துகொள். சக்கரம் தொங்கும்போது ஒரு அளவு, வண்டி தானாக நிற்கும்போது ஒன்று, பூட்ஸ் ஹெல்மெட்டோடு நீ ஏறி உட்கார்ந்தபின் ஒன்று. உன் வண்டியின் பின் டிராவல், அதாவது பின் சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரம், 256 மில்லிமீட்டர். நீ ஏறியதும் அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 85, இறங்க வேண்டும். அதைவிட அதிகமாக இறங்கினால் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, ஏற்று. ஏற்றி 85-க்குக் கொண்டுவந்த பிறகு, நீ இல்லாமல் வண்டி மட்டும் நிற்கும்போது இறக்கமே இல்லாமல் விறைத்து நிற்கிறதா? அப்படியானால் ஸ்பிரிங் உனக்கு மென்மை. கெட்டி ஸ்பிரிங்தான் வேண்டும். தலைகீழாகத் தோன்றும், எனக்கும் இது புரிய நாளானது.

ஷாக் பிரிந்து கிடக்கும்போதே ஸ்பிரிங்கை மாற்று. உள்ளே ஆயிலின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஷிம் தகடுகளையும் உன் எடைக்கும் ஓட்டுகிற விதத்துக்கும் ஏற்ப மாற்றி அடுக்கச் சொல். நீ ரீபில்டா புதுசா என்று இரண்டே வழி வைத்துக் கேட்டாய். எனக்கு இந்த மூன்றாவது வழிதான் பிடிக்கிறது.

புது ஷாக்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பையன் மோட்டோகிராஸ் பந்தயத்துக்குப் போகிறான், இடைவிடாமல் அரை மணி நேரம் குதிக்கிறான் என்றால் கூடுதல் ஆயில் பிடிக்கிற ரிசர்வாயர் சூட்டைத் தாங்கும். வேகமான அடிக்கும் மெதுவான அடிக்கும் தனித்தனித் திருகு இருப்பதும் அவனுக்கு உதவும். ஸ்விங் ஆர்மை நீளமாக்கினாலும் கணக்கு மாறிவிடும். வார இறுதியில் காட்டுப் பாதையில் போகும் உனக்கு அதெல்லாம் எதற்கு? பின்னால் மட்டும் புதுசு போட்டால் அடுத்த மாதமே முன்னால் இருக்கும் இரண்டு ஷாக்கும் மட்டம் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. நல்லவேளையாகக் கையில் காசு இல்லை.

யாரோ கழற்றிய பழைய ஷாக்கை மட்டும் வாங்கிவிடாதே. அது அவன் எடைக்கும் அவன் வண்டிக்கும் அமைத்தது.

அந்த மூன்று அளவையும் எழுதி அனுப்பு, ஸ்பிரிங் கணக்கு நான் போட்டுத் தருகிறேன். கூடவே உன் எடையையும் எழுது, கொஞ்சமும் குறைக்காமல்.

உன்
பழைய கூட்டாளி