விடியற்காலைச் சிறப்பு வகுப்பைக் கைவிடுங்கள்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நம் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலை 5.30 மணிக்கே சிறப்பு வகுப்பு நடத்துகிறீர்கள். அவ்வகுப்பில் கண்ணயர்ந்த என் மகளைப் பாடம் முடியும்வரை சுவரோரம் நிற்கவைத்ததோடு நில்லாமல், "தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்குங்கள்" என்று தாங்கள் சுற்றறிக்கையும் அனுப்பியதால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

தூக்கம் பழக்கினால் குறைந்துவிடும் சோம்பல் அன்று. பகலில் படித்ததை முதலில் ஏந்திக்கொள்ளும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி, ஆழ்ந்த உறக்கத்தில் அந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க, அவை மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியில் மெல்ல நிலைபெறுகின்றன. 1953இல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் உறக்க ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்த, மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் உறக்கநிலையோ, இரவின் பிற்பகுதியில்தான் மிகுதியாக வருகிறது. நாலரை மணிக்குப் பிள்ளையை உலுக்கி எழுப்பும்போது நாங்கள் பறிப்பது அந்த உறக்கத்தைத்தான்.

சீக்கிரம் படுக்கவையுங்கள் என்பீர்கள். வளரிளம் பருவத்தில், உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் என்னும் ஹார்மோன் சுரப்பதே இரவில் பிந்தித்தான் தொடங்குகிறது. ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்தாலும் என் மகள் நெடுநேரம் விழித்தே கிடக்கிறாள். விடியலில் பல்துலக்கியை வாயில் வைத்தபடியே கதவில் சாய்ந்து உறங்கிவிடுகிறாள். இந்த நிலையில் அவளுக்கு நடத்தப்படும் கணக்குப் பாடம் எங்கே போய்ச் சேரும்? அருள்கூர்ந்து அவ்வகுப்பை நிறுத்துங்கள்.

"எதிர்த்துப் பேசுகிறாள்" என்று அவளுடைய பள்ளி நாட்குறிப்பில் ஆசிரியர் எழுதியிருந்தார். உறக்கம் குறைந்தால், நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணியின் கட்டுப்பாடு தளர்ந்து, உணர்ச்சிகளைக் கிளர்த்தும் அமிக்டலா என்னும் மூளைப் பகுதி மிகையாகத் துடிக்கிறது. பிள்ளையின் உறக்கத்தைக் கெடுத்துவிட்டு, அதனால் வரும் எரிச்சலையும் அவள் குற்றமாக எழுதுவது எந்த வகையில் நியாயம்? குறைவாகத் தூங்குபவரே உழைப்பாளி என்று பெரியவர்கள் நாம் போற்றிவந்த மடமைக்குப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. வளரிளம் பருவத்தினரின் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இலேயே அறிவுறுத்தியது.

கூடுதல் வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடியற்காலை வகுப்பைக் கைவிட்டு, அதை மாலைக்கு மாற்றித் தருமாறும், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேச நேரம் ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்