கூலன்ட்டோடு கலக்கும் 'மருந்துகள்'

ஆசிரியர் அவர்களுக்கு,

கார் இன்ஜின் சூடேறினால் கடையில் ஏதாவது ஒரு பாட்டிலை வாங்கி ரேடியேட்டரில் ஊற்றுவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. கான்சென்ட்ரேட் கூலன்ட்டும் (தண்ணீர் கலக்காத, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் 50:50 கலந்தாலே பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். துரு தடுக்கும் ரசாயனம் அதிலேயே இருக்கிறது. கூலன்ட் 70 சதவீதத்தைத் தாண்டினால் குளிர்ச்சி குறையத்தான் செய்யும், ஏனெனில் வெப்பத்தை நன்றாகச் சுமப்பது தண்ணீர்தான். ஆனால் குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

நிறம் பார்த்து டாப்-அப் செய்வதும் தவறு. பச்சை, சிவப்பு எல்லாம் வெறும் சாயம். பொருந்தாத இரு வகைகள் கலந்தால் துரு தடுக்கும் திறன் போய்விடும், சில சமயம் கூழாகவும் திரளும். மேனுவலில் சொன்ன வகைதான் கணக்கு.

ஒழுகல் அடைக்கும் திரவம் வழியில் நின்றுவிட்ட அவசரத்துக்கு மட்டும். ஓட்டையை அடைக்கும் அதே துகள் ஹீட்டர் கோரின் (காருக்குள் சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டர்) மெல்லிய குழாய்களையும் விட்டுவைக்காது. பிறகு முழுவதும் வடித்து, அலசி, ஒழுகும் ஹோஸையோ வாட்டர் பம்பையோ மாற்றியே ஆக வேண்டும். ரிசர்வ் டேங்கில் குமிழிகள் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) மீது சந்தேகப்படுங்கள். அதற்கு பாட்டில் வைத்தியம் கிடையாது.

– மோட்டார் மெக்கானிக் ஒருவர்